ஐப்பசிக்குள் பைனாகுலருக்கு ஒரு டப்பா

தம்பி, புது பைனாகுலரைப் பீரோவில், பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னார். இன்றைக்கே அதை வெளியே எடு. 8×42 நல்ல தேர்வு. சேலையூரில் இருந்துகொண்டு பறவை பார்க்க அதைவிடப் பொருத்தமானது தேட வேண்டாம். ஆனால் தாம்பரம் பக்கத்தில் பைனாகுலர் கெடுவது பெரும்பாலும் வீட்டுக்குள் சும்மா கிடக்கும்போதுதான். அதனால்தான் புரட்டாசி முடிவதற்குள் இதை எழுதுகிறேன்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற அதே சமயத்தில்தான் வடக்கேயிருந்து வாத்துகளும் உள்ளான்களும் பள்ளிக்கரணைச் சதுப்பில் வந்து இறங்கும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகு வாத்து எல்லாம் மார்ச் வாக்கில்தான் திரும்பிப் போகும். நீ கருவியை அதிகம் எடுக்கப்போகிற மாதங்களும் காற்றில் ஈரம் நிறைந்து நிற்கிற மாதங்களும் ஒன்றேதான். கிழக்கே சில கிலோமீட்டரில் கடல், நடுவில் சதுப்பு, இந்தப் பக்கம் சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று ஏரிக்கு மேல் ஏரி. மழைக்கால இரவுகளில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். லென்ஸில் பூஞ்சை பிடிக்க 60, 70 சதவீதமே போதும்.

பூஞ்சையின் வித்துகள் எல்லாக் காற்றிலும் உண்டு. கருவி தொழிற்சாலையை விட்டு வரும்போதே உள்ளே சில இருக்கலாம், அவற்றைத் தடுக்க முடியாது. இருட்டு, அசையாத காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் அவை முளைக்கும். கண்ணாடியின் மேல் படிந்த விரல் எண்ணெய், தூசு, கருவிக்குள் போட்டிருக்கும் கிரீஸின் ஆவி, இவைதான் அதற்குச் சாப்பாடு. பூட்டிய பீரோவில் மூன்று வசதியும் இருக்கிறது. முதலில் லென்ஸின் ஓரத்தில் நூல் நூலாகத் தெரியும், பிறகு நடுவை நோக்கிக் கிளை விடும். வளரும்போது அது அமிலம் கக்கும். அந்த அமிலம் லென்ஸின் மேல்பூச்சை அரித்து, விட்டுவைத்தால் கண்ணாடியையே அரித்துவிடும். அப்புறம் பூஞ்சையைத் துடைத்து எடுத்தாலும் அரித்த தடம் அப்படியே நிற்கும். ஆகவே இந்த விஷயத்தில் வருமுன் காப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

மாதம் ஒருமுறை இதைச் செய். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, பெரிய லென்ஸ் பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக உள்ளே அடி. அதே பக்கத்திலிருந்தே சாய்த்துப் பார். அடுத்து கண் வைக்கும் பக்கத்திலிருந்தும் அப்படியே பார். தூசுத் துகள் நாலைந்து தெரிவது சாதாரணம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். நூல், வலை, பனி படர்ந்த மாதிரி மங்கல், இவை மூன்றில் எது தெரிந்தாலும் அன்றே முடிவெடுக்க வேண்டும்.

டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்

தாம்பரம் மார்க்கெட் பக்கம் எந்தப் பாத்திரக் கடையிலும் நான்கு பக்கமும் கிளிப் போட்ட, மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா கிடைக்கும். பைனாகுலர் தாராளமாகப் படுக்கிற அளவில் வாங்கு. மூடியின் ரப்பர் சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு தாளை மூடிக்கு நடுவே வைத்துப் பூட்டி இழு. எளிதாக உருவி வந்தால் அந்த டப்பா வேண்டாம். நான்கு பக்கமும் அப்படிப் பார்.

உள்ளே ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி போடு. ஊறுகாய்ப் பாட்டில் மூடி அளவுதான் இருக்கும், விலையும் குறைவு. இது இல்லாமல் டப்பா வைத்துக்கொண்டு பயனில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. அது காட்டும் ஈரப்பதம் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30-க்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் ரப்பரும் கிரீஸும் உலரும், அதுவும் நல்லதில்லை. கேமரா, லென்ஸ் என்று வீட்டில் சாமான் பெருகினால் மின்சாரத்தில் ஓடும் உலர் அலமாரி வாங்கலாம். ஒரே ஒரு பைனாகுலருக்கு அது தேவையில்லை.

சிலிக்கா ஜெல்லில் செருப்புப் பெட்டிக்குள் வரும் பொட்டலங்களை நம்பாதே. அவை கடைக்கு வருவதற்குள்ளேயே ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறும் மணிகளாகக் கால் கிலோ வாங்கு. கடையில் நீலம் கொடுப்பார்கள், ஆரஞ்சு கேள். நீல மணியில் நிறத்துக்காகக் கோபால்ட் குளோரைடு சேர்க்கிறார்கள், அது உடம்புக்கு ஆகாத பொருள். சின்னப் பிள்ளைகள் வந்துபோகிற வீட்டில் அது எதற்கு? ஆரஞ்சு மணி ஈரம் குடித்தால் கரும்பச்சையாகும், அப்போது தெரிந்துவிடும். பழைய மல் துணியில் சின்ன மூட்டையாகக் கட்டி டப்பாவின் ஓரத்தில் வை. மணி கருவிமேல் உருளக் கூடாது, அதன் தூள் லென்ஸைக் கீறும்.

பச்சையான மணியைத் தூக்கிப் போடாதே, வறுத்தால் திரும்ப ஆரஞ்சாகும். வெயிலில் காய வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். சித்திரை வெயிலிலும் அது அரைகுறையாகத்தான் காயும், 100 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கேக் செய்யும் ஓவன் இருந்தால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வை. இல்லாவிட்டால் சமையலுக்கு இனி எடுக்காத ஒரு பழைய இரும்பு வாணலியில், மிகச் சிறிய தீயில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கிளறு. கருகவிட்டால் நிறமும் போகும், குடிக்கும் சக்தியும் போகும். வறுத்ததை ஒரு பாட்டிலில் போட்டு மூடி ஆறவிட்டுத்தான் டப்பாவுக்குள் வைக்க வேண்டும். திறந்து வைத்து ஆற்றினால் நம் ஊர்க் காற்று அரை மணியில் அதன் வேலையைக் கெடுத்துவிடும். அரிசியைப் போட்டு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அது ஈரத்தை ஒழுங்காக இழுக்காது, தவிட்டுத் தூளை மட்டும் உள்ளே விடும்.

கடையில் கொடுத்த பையிலேயே போட்டு டப்பாவுக்குள் வைக்காதே. துணிப்பையும் தோல்பையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோலில் பூஞ்சை மிகச் சுலபமாக வரும், அங்கிருந்து லென்ஸுக்குத் தாவும். அப்பாவின் பழைய 7×50-இன் தோல்பை உள்ளே வெள்ளை வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் இது. பையைத் தனியே காய வைத்து வேறு அறையில் மாட்டு.

அந்துருண்டை வேண்டவே வேண்டாம். பீரோவிலிருந்து எடு என்று முதல் வரியிலேயே சொன்னதற்கு அதுவும் காரணம். அந்துருண்டை காற்றில் ஆவியாகி, குளிர்ந்த பரப்பில் திரும்பப் படியும். புடவையில் படிந்தால் வாசனை, லென்ஸில் படிந்தால் மங்கல். கற்பூரமும் அப்படித்தான். பூஜை அறையும் வேண்டாம். சாம்பிராணிப் புகை மிக நுண்ணிய பிசினாக ஒட்டும். அடுப்படிக்கு எதிர்ச்சுவர் அலமாரியும் வேண்டாம், தாளிக்கிற எண்ணெய் அங்கேதான் போய் உட்காரும்.

துடைப்பது

இதை நிதானமாகப் படி, பூஞ்சைக்கு அடுத்தபடியாகப் பைனாகுலரைக் கெடுப்பது நம்முடைய சட்டை நுனிதான்.

லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் பச்சையோ ஊதாவோ பளபளக்கும். அது கண்ணாடியின் நிறமல்ல, பிரதிபலிப்பைக் குறைக்கப் போட்ட பூச்சு. பூச்சே இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலரின் ஒரு குழாய்க்குள் லென்ஸும் பட்டகமும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு பரப்புகள் இருக்கும். பன்னிரண்டைத் தாண்டி வரும்போது 100-க்கு 61 பங்கு வெளிச்சம்தான் கண்ணுக்கு மிஞ்சும். திரும்பிய வெளிச்சம் குழாய்க்குள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். இந்தக் குறையைத் தீர்க்கும் பூச்சை 1935-இல் ஜெர்மனியில் ட்ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்தார். மக்னீசியம் ஃபுளோரைடு பூச்சு என்றால் அதன் கனம் ஏறத்தாழ 100 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ரேடியல் ரோட்டில் லாரி கிளப்பிவிடும் புழுதியில் மணல் இருக்கிறது. மணல் கண்ணாடியைக் கீறும். அந்தப் புழுதியோடு சேர்த்து நீ சட்டையால் ஒரு தேய் தேய்த்தால் இந்தப் பூச்சுக்கு என்ன ஆகும் என்று யோசி.

அதனால் முதல் வேலை காற்று. ரப்பர் பல்பு ஊதுகுழல் கேமரா கடைகளில் கிடைக்கும். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊது, தூசு கீழே விழட்டும். வாயால் ஊதாதே, எச்சில் துளி விழும். அடுத்து மென்மையான தூரிகை, அதன் முடியை விரலால் தொடக் கூடாது. இந்த இரண்டோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். விரல் ரேகை மாதிரி எண்ணெய்க் கறை இருந்தால் மட்டும் மூன்றாவது படிக்குப் போ. லென்ஸ் துடைக்கும் தாளிலோ சுத்தமான மைக்ரோஃபைபர் துணியிலோ லென்ஸ் திரவம் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வட்டமாக ஓரத்துக்கு வா. அழுத்தாதே. சொட்டைத் துணியில்தான் விட வேண்டும். லென்ஸில் நேரே விட்டால் ஓர இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். ஒருமுறை துடைத்த மடிப்பால் மறுமுறை துடைக்காதே.

ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே, முகம் துடைக்கும் டிஷ்யூ, வேட்டி நுனி, சோப்பு நுரை எல்லாவற்றையும் லென்ஸிலிருந்து தள்ளிவை. மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கிகளில் முக்காதே, அதன் பிசுக்கு லென்ஸில் கோடாக வரும்.

கண் வைக்கும் பக்கம்தான் அதிகம் அழுக்காகும். நீ காலையில் திருநீறு பூசிக்கொண்டு கிளம்புகிறவன். குனிந்து பார்க்கும்போது அந்தத் தூள் கண்லென்ஸில் விழும். பூசிக்கொண்டு போ, யார் வேண்டாம் என்றது? பார்ப்பதற்கு முன் நெற்றியை லேசாகத் தட்டிவிடு, வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஊதுகுழலால் ஊது. கொசு விரட்டி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டீட் என்ற மருந்து கலந்த விரட்டிகள் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கும். கையில் தடவினால் உள்ளங்கையைத் துடைத்துவிட்டுக் கருவியைத் தொடு. பெரும்பாக்கத்தில் சாயங்காலம் கொசு இல்லாமல் நிற்க முடியாது, அதனால் முழுக்கைச் சட்டையும் சாக்ஸும் போட்டுக்கொண்டு போவது கருவிக்கும் நல்லது உனக்கும் நல்லது.

பனி மூடுவது, மழை, கடல்

விடிகாலையில் ஏசி அறையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தவுடன் லென்ஸ் வெள்ளையாக மூடிக்கொள்கிறதே, பழுதா என்று கேட்டிருந்தாய். பழுதில்லை. உன் அறை 22 டிகிரி, கண்ணாடியும் 22 டிகிரி. மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்றின் பனிநிலை 24, 25-ஐத் தொடும். அதைவிடக் குளிர்ந்த எதைக் கண்டாலும் காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் நீராகப் படியும். அந்தச் சமயத்தில் துடைத்துக்கொண்டே இருப்பதால் பயனில்லை, துடைக்கத் துடைக்கப் படியும். முந்தின இரவே டப்பாவை ஏசி இல்லாத கூடத்தில் வைத்துவிடு. காரில் போனால் இறங்குவதற்குக் கால் மணி முன்னால் ஏசியை நிறுத்து. பை மூடியே இருக்கட்டும், மெல்லச் சூடேறட்டும்.

பனி லென்ஸின் உட்புறம் படிந்தால் கதை வேறு. உன்னுடையது தண்ணீர் புகாத வகை. உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பி, இடுக்குகளில் ரப்பர் வளையம் போட்டு அடைத்திருப்பார்கள். அதற்குள் பனி தெரிகிறது என்றால் எங்கோ வளையம் விட்டுவிட்டது. அடைத்த கருவி என்பதால் உள்ளே போன ஈரம் தானாக வெளியே வராது. உத்தரவாதக் காலம் இருந்தால் நிறுவனத்துக்கு அனுப்பு. அப்பாவின் பழையது அடைக்காத வகை, அதற்கு உள்பனி வந்தால் ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பிக் கண்குழாயை முழுக்க வெளியே தள்ளி, புதிதாக வறுத்த ஜெல்லோடு ஒரு வாரம் டப்பாவில் வை. பெரும்பாலும் போய்விடும்.

மழையில் நனைந்தால் பதறாதே. உதறு, வெளி உடம்பை உலர்ந்த துணியால் ஒற்று, வீட்டுக்கு வந்து மூடிகளைக் கழற்றி மின்விசிறிக்குக் கீழே இரவு முழுக்க வை. மறுநாள் டப்பாவுக்குப் போகட்டும். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடுவதைவிட மோசமான காரியம் கிடையாது. ஹேர் டிரையர் பிடிக்காதே, மாடி வெயிலில் வைக்காதே. சூட்டில் கிரீஸ் இளகி லென்ஸில் பரவும், லென்ஸ்களை ஒட்டிய பசையும் விடும். வெயிலில் கிடக்கும் ஸ்கூட்டர் டிக்கியும் கார் டேஷ்போர்டும் இதே காரணத்தால் ஆகாது.

முட்டுக்காடு, கோவளம் போனால் திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பை ஒற்றி எடு. கடற்காற்றின் உப்பு லென்ஸில் உலர்ந்து படிகமாகும், அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல்தான். லென்ஸில் முதலில் ஈரமான தாளை ஒற்றி உப்பைக் கரைத்து எடுத்துவிட்டு, பிறகுதான் வழக்கமான துடைப்பு. உப்பு முதலில் தாக்குவது திருகுகளையும் ஸ்ட்ராப் மாட்டும் வளையத்தையும். அங்கேயும் துடை.

டப்பாவை மேல் தட்டில் வை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். அப்படி ஒரு நாளில் முதலில் மனிதர்களையும் மருந்தையும் பத்திரங்களையும்தான் எடுப்போம், பைனாகுலர் ஞாபகத்துக்கே வராது, வரவும் வேண்டாம். மேல் தட்டில் இருந்தால் அது பாட்டுக்கு இருக்கும். ஒருவேளை வெள்ள நீரில் மூழ்கிவிட்டால் திறக்காதே, சூடு காட்டாதே. வெளிச்சேற்றை நல்ல தண்ணீரில் மெல்லக் கழுவி, உலர்ந்த துணியில் சுற்றி, தண்ணீர் வடிந்த கையோடு பழுது பார்ப்பவரிடம் சேர்த்துவிடு. உள்ளே போன சேறு காய்ந்துவிட்டால் பட்டகத்திலிருந்து எடுப்பது கஷ்டம்.

பழுதும் பழுதில்லாததும்

ஒரு கண்ணில் தெளிவு, மறுகண்ணில் மங்கல் என்று கருவியைக் கொண்டுபோய்க் கடையில் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வலது கண்குழாயில் ஒரு வளையம் இருக்கிறது பார், அதைச் சரிசெய்தாலே தீரும். வலப்பக்கப் பெரிய லென்ஸைக் கையால் மறை, இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துக்கொண்டு, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்கு. இப்போது இடப்பக்கத்தை மறைத்து, சக்கரத்தைத் தொடாமல் வலது வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்கு. வளையத்தில் அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள். இனி உனக்கு அது மாறாது, கண்ணாடிப் பவர் மாறினால்தான் மாறும்.

அரை மணி பார்த்தாலே தலைவலி, கண்ணில் ஓர் இழுப்பு என்றால் அது உண்மையான பழுது. இரண்டு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. வேளச்சேரி–தாம்பரம் சாலைப் பள்ளங்களில் பைக் பெட்டிக்குள் குலுங்கிப் போகும் பைனாகுலருக்கு இது சீக்கிரம் வரும். மொட்டை மாடியில் நின்று பார்க்கலாம். தூரத்து வீட்டின் மேல்விளிம்பையோ படுக்கையாகப் போகும் மின்கம்பியையோ பார். பார்த்துக்கொண்டே கருவியைக் கண்ணிலிருந்து மெல்ல ஓர் அடி தூரம் விலக்கு. இரு வட்டத்திலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் ஓட வேண்டும். ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே என்று படியாக உடைந்து தெரிந்தால் பட்டகம் நகர்ந்திருக்கிறது. பக்கவாட்டில் கொஞ்சம் விலகியிருந்தால் கண் சமாளித்துக்கொள்ளும், மேல் கீழாக விலகினால் சமாளிக்காது. இணையத்தில் இதைத் திருத்த வழி காட்டும் படங்கள் நிறைய இருக்கின்றன. அந்தத் திருகுகளை நீ தொடக் கூடாது. கால் சுற்றுத் திருப்பினால் ஒரு திசை சரியாகி இன்னொரு திசை கெடும், அதை அளக்கும் மேசை நம்மிடம் இல்லை. பைக்கில் போகும்போது முதுகுப்பையில் துண்டுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போ, உடம்பு பாதிக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும்.

வீட்டில் தைரியமாகச் செய்யக்கூடியவை இருக்கின்றன. கிழிந்த ரப்பர் கண்மூடியை மாற்றலாம். பழைய ரப்பர் உறை கையில் ஒட்ட ஆரம்பித்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கலாம், லென்ஸ் பக்கம் போகாமல். ஸ்ட்ராப்பின் தையலை மழைக்கு முன் ஒருமுறை இழுத்துப் பார்த்து, நூல் விட்டிருந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துவிடு. பைனாகுலர் தரையில் விழுவதற்கு ஸ்ட்ராப் அறுவதுதான் பெரும்பாலும் காரணம். நடுக் கீல் தளர்ந்து இரு குழாயும் தொங்கினால் சில மாடல்களில் முன்மூடிக்குக் கீழே ஒரு திருகு இருக்கும், கையேட்டில் போட்டிருந்தால் மட்டும் இறுக்கு.

ஃபோகஸ் சக்கரம் இறுகினால் தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதையும் விடாதே. அன்றைக்கு நன்றாகச் சுழலும். பிறகு எண்ணெய் குழாய்க்குள் ஊர்ந்து லென்ஸின் உட்புறத்தில் ஏடு கட்டும், அதில் பூஞ்சை விருந்து சாப்பிடும். பழைய கிரீஸை முழுக்கக் கழுவி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி, அது பழுது பார்ப்பவர் வேலை.

பழுது பார்ப்பவர் என்றால், பழைய கேமரா லென்ஸைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவராகப் பார். கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேள். பிரித்த பிறகு இரு குழாயையும் நேர்படுத்தும் கருவி வைத்திருக்கிறாரா? பூஞ்சையை எடுத்தால் பூச்சு எவ்வளவு மிஞ்சும் என்று முன்கூட்டிச் சொல்வாரா? தண்ணீர் புகாத வகையைத் திரும்ப நைட்ரஜன் நிரப்பி அடைத்துக் கொடுப்பாரா? மூன்றாவதற்கு இல்லை என்றால் உன்னுடையதைக் கொடுக்காதே, அப்பாவினுடையதைக் கொடுக்கலாம். கொடுக்கும் முன் டார்ச் வெளிச்சத்தில் லென்ஸை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்.

ரைஃபிள் கிளப் போகும் உன் நண்பன் தன் துப்பாக்கி ஸ்கோப்புக்கும் இது பொருந்துமா என்று கேட்டான் அல்லவா? டப்பா, ஜெல், துடைக்கும் முறை எல்லாம் அப்படியே பொருந்தும். அதுவும் நைட்ரஜன் அடைத்த குழாய்தான். துப்பாக்கியில் குண்டு இல்லை என்று உரிமக்காரர் பார்த்துச் சொன்ன பிறகு, கிளப்பில் வைத்தே அதைத் தொடட்டும். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத் திருகுகளைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் குழாய் நசுங்கும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் திருப்புளியால்தான் இறுக்க வேண்டும். மேலேயும் பக்கவாட்டிலும் உள்ள குமிழ்களைக் கழற்றி உள்ளே எண்ணெய் விடுவது அவனுக்கும் கூடாது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் உருப்பெருக்கும் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை, அதனால் போட்டிக்குப் பழகுகிறவன் என்றால் அதற்குச் செலவு செய்வதை யோசிக்கட்டும்.

எங்கே பார்க்கலாம், எங்கே திருப்பக் கூடாது

சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதே. ஒரு நொடியில் விழித்திரை கருகும், வலியே தெரியாது. மாடிக் கைப்பிடிச் சுவரில் பெரிய லென்ஸ் வெயிலைப் பார்க்க வைத்துவிட்டுப் போகாதே, குவிந்த வெளிச்சம் துணியைப் பற்ற வைக்கும். சேலையூரில் இருக்கிறாய், விமானப்படைத் தளம் பக்கத்தில். அந்தப் பக்கமும் மீனம்பாக்கம் ஓடுபாதைப் பக்கமும் பைனாகுலரை உயர்த்தாதே. பருந்து பார்த்தேன் என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். எதிர்மாடி ஜன்னல்களுக்கும் இதையே சொல்கிறேன்.

தொடங்குவதற்கு நல்ல இடம் கிறித்தவக் கல்லூரி வளாகம். 1937-இல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் வந்த கல்லூரி, 365 ஏக்கர் வளாகத்தில் புதர்க்காட்டை இன்னும் வைத்திருக்கிறது. அனுமதி கேட்டு உள்ளே போ. மர நிழலில் வெளிச்சம் குறைவு, உன் 8×42 அங்கே கை கொடுக்கும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, அத்தனை மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிச்சம் உன் கண்ணுக்குள் வருகிறது. நன்மங்கலம் காப்புக்காட்டில் பழைய கல்குவாரிப் பாறையில் கொம்பன் ஆந்தை அந்தி சாயும்போது வெளியே வரும். அந்த மங்கல் வெளிச்சத்தில் லென்ஸில் லேசாகப் படிந்த எண்ணெய்கூட ஆந்தையைப் பாறையோடு பாறையாக்கிவிடும்.

பள்ளிக்கரணைதான் பெரிய பரீட்சை. 2007-இல் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள், 2022-இல் ராம்சார் பட்டியலில் 1,247 ஹெக்டேர் சேர்ந்தது. அத்தனை பரப்பில் பறவைகள் சாலையைவிட்டு எட்டத்தான் உட்காரும். நீலத் தாழைக்கோழி கோரைக்குள்ளிருந்து வெளியே வருவதையும் பூநாரைகள் தலைகீழாக அலகை வைத்துச் சேற்றை வடிகட்டுவதையும் நீ கண்ணால் பார்க்க வேண்டும். அங்கே போகும்போது லாரிகள் போகும் தடத்தை விட்டு நன்றாகத் தள்ளி நில், ஸ்ட்ராப் எப்போதும் கழுத்தில் இருக்கட்டும், பார்க்காத நேரத்தில் கண்லென்ஸ் மேல் மூடியைப் போட்டு வை. குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாளில் திரும்பியதும் ஊதுகுழலை மறக்காதே.

வாரத்துக்கு ஒருமுறையாவது கருவியை வெளியே எடுத்துப் பார். அசைந்து, வெளிச்சம் பட்டு, காற்றாடும் லென்ஸில் பூஞ்சை வேர்விடச் சிரமப்படும். டப்பா மூடியில் ஒரு சீட்டு ஒட்டி, ஜெல்லை எந்தத் தேதி வறுத்தாய், அன்று ஈரமானி என்ன காட்டியது, டார்ச் அடித்துப் பார்த்தது எப்போது என்று மூன்றையும் எழுதிக்கொண்டு வா. அப்பாவின் 7×50-ஐ மழை பிடிப்பதற்கு முன்னால் இந்த வாரமே பழுதுக்குக் கொடுத்துவிடு, தோல்பை இல்லாமல்.